தானாக இறங்கிய சுகர்

அன்று காலை பதினொன்று இருபதுக்கு என் மகள் அபிராமியின் சுகர் அறுபத்தெட்டு. அவள் கையில் ஒட்டியிருக்கும் சென்சாரிலிருந்து என் போனுக்கு வந்த எண் அது. அவளுக்கு அப்போது முப்பத்தாறாவது வாரம். கர்ப்ப காலத்துக்கு அந்த எண் எல்லைக்குள்தான் இருந்தது. நான் சமையலறைப் பக்கம் திரும்பி, "சுதா, பொண்ணுக்கு இன்னிக்கும் சூப்பர்" என்று என் மனைவியிடம் சொன்னேன். நிலைமை கெடத் தொடங்கிவிட்டதற்கு என் கண்ணெதிரே வந்த அடையாளம் அது. அதற்கு நான் கொடுத்த பெயர் சூப்பர்.

பயிற்சி நாளில் வந்து பேசச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நின்று பேசினால் பாதியில் குரல் உடைந்துவிடும் என்று பயம். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. மயிலாப்பூரில், இப்போது நீங்கள் வேலை பார்க்கும் அதே சர்க்கரை நோய் கிளினிக்கின் லேபில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். போன வருடம் ஐம்பத்தெட்டு முடிந்து வெளியே வந்தேன். ரத்தம் எடுப்பதும் மெஷின் ஓட்டுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது, ரிசல்ட்டை நோயாளிக்குப் போனில் சொல்கிறோமே, அந்த ஒரு நிமிட வேலையைப் பற்றி. அதை இருபது வருடத்துக்கு மேல் நான்தான் செய்தேன். நன்றாகச் செய்கிறேன் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊரில் இந்த நோய்க்கென்று ஒரு தனி பாஷை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். "சுகர் இருக்கு" என்றால் வியாதி இருக்கிறது. "சுகர் இல்ல" என்றால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. "ஏறிடுச்சு" என்றால் நோயாளிக்குத் திட்டு. "இறங்கிடுச்சு" என்றால் பாராட்டு. இறங்கியதற்காக யாரும் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நானும் போனை எடுத்து, "சுகர் நல்லா இறங்கியிருக்கு, சந்தோஷமா இருங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவன். எண்ணைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாது. கூடவே ஒரு சந்தோஷத்தையும் கொடுத்தால்தான் எனக்குத் திருப்தி.

ஒரு முறை அதற்கு அடி வாங்கியிருக்கிறேன். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மேற்பார்வையாளராக இருந்தவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய ரிசல்ட் எப்போதும் இருநூறுக்கு மேல். அன்றைக்கு எழுபதுக்குப் பக்கத்தில் இருந்தது. போன் செய்து, "அண்ணாச்சி, சுகர் நல்லா இறங்கியிருக்கு!" என்றேன்.

"எறங்காம என்ன செய்யும் தம்பி? ரெண்டு நாளா காய்ச்சலு. கஞ்சித்தண்ணிகூட உள்ள போவல. மாத்திரைய மட்டும் தவறாமப் போட்டுக்கிட்டு இருக்கேன்லா."

அன்று மதியமே அவரை அட்மிட் செய்தார்கள். எங்கள் லேப் பொறுப்பாளர் ஒரு அம்மா. சத்தம் போடவில்லை. "அவரா சொல்லலைன்னா நீ கேட்டிருப்பியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஸ்லைடைப் பார்க்கக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து எண்ணைச் சொல்வதற்கு முன் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பேன். இங்கேதான் கவனமாகப் படியுங்கள். நான் அந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொண்டேன். கேட்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளவில்லை. அந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஓய்வு பெறும் வரை ஓட்டிவிட்டேன்.

இனி அபிராமியைப் பற்றி. அவளுக்கு டைப் ஒன் சர்க்கரை நோய் வந்தது ஒன்பது வயதில். தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள், இளைத்துப்போனாள். ஒரு சனிக்கிழமை லேபுக்கு அழைத்துப் போய் நானே ரத்தம் எடுத்து நானே ஓட்டினேன். வந்த எண்ணை நம்பாமல் மறுபடி ஓட்டினேன். அன்றிலிருந்து தினம் நான்கு ஊசி. பத்து வயதில் என் கையைத் தட்டிவிட்டு, "நீங்க போட்டா வலிக்குதுப்பா, தள்ளுங்க" என்று தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

கல்யாணப் பேச்சு வந்தபோது இதை எப்படிச் சொல்வது என்று நானும் சுதாவும் இரண்டு வாரம் குழம்பினோம். அவள் குழம்பவில்லை. மாப்பிள்ளை ஜெகனை முதல்முறை சந்தித்த ஓட்டலில், தோசை வருவதற்கு முன் பையைத் திறந்து வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாளாம். "இதான் மெயின் மேட்டர். மத்ததெல்லாம் பிடிச்சிருக்கா இல்லையான்னு அப்புறம் பேசலாம்" என்றாளாம். ஜெகன் இதை என்னிடம் சொன்னபோது, "மாமா, எனக்குத்தான் தோசை இறங்கல, அவ நல்லாத்தான் சாப்பிட்டா" என்று சிரித்தார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை அவருக்கு. நல்ல பிள்ளை.

குழந்தை வேண்டும் என்று முடிவு செய்தபோதும் அப்படித்தான். இந்த உடம்போடு எதற்கு என்று சொந்தக்காரர்கள் சிலர் காதுபடவே கேட்டார்கள். நானும் மனதுக்குள் அதையே கேட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவள் கருத்தரிப்பதற்கு எட்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து, மூன்று மாதச் சுகர் சராசரியைக் கீழே கொண்டுவந்து, "இப்ப ஆரம்பிக்கலாம்" என்று டாக்டர் சொல்லும் வரை காத்திருந்தாள். கர்ப்பம் வளர வளர இன்சுலின் தேவையும் ஏறும் என்று நமக்குத் தெரியும். முப்பது யூனிட்டில் இருந்தவள் முப்பத்தைந்தாவது வாரத்தில் நாளுக்கு அறுபத்தாறு யூனிட் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இட்லிக்கும் கணக்கு, ஒவ்வொரு நடைக்கும் கணக்கு. ஒரு நாளும் அலுத்துக்கொண்டு நான் பார்க்கவில்லை. அலுத்துக்கொண்டதெல்லாம் என்னிடம்தான். "அப்பா, உங்க போன்ல என் சுகர் வருதுன்னு தெரியும். அதுக்காக ஏறும்போதெல்லாம் ரூம் வாசல்ல வந்து நிக்காதீங்க. நீங்க நின்னா இன்னும் ஏறுது."

பிரசவத்துக்கு மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முப்பத்தாறாவது வாரம் பிறந்ததும் இன்சுலின் குறையத் தொடங்கியது. அறுபத்தாறு அறுபதானது. மறுநாள் ஐம்பத்திரண்டு. மூன்றாம் நாள் நாற்பத்தைந்து போட்டும் சுகர் கீழேயே இருந்தது. எங்கள் வீட்டில் கல்யாணக் களை வந்துவிட்டது. இறங்கியதற்குப் பெயர் வாங்க மூன்று பேர் போட்டி போட்டோம். சுதா தன் கேழ்வரகுக் கஞ்சிதான் காரணம் என்றாள். நான் போட்டுக் கொடுத்த சாப்பாட்டு அட்டவணை என்று நான் சொன்னேன். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஜெகனின் அம்மா போன் செய்தார்.

"அண்ணே, சுகர் கொறஞ்சிடுச்சாமே. நான் அம்மனுக்கு மஞ்சப் பொடவ நேந்துக்கினேன். அதான். நீங்க உங்க லேப்பு பெருமையெல்லாம் கொஞ்சம் ஓரங்கட்டுங்க."

"அம்மனும் என் சார்ட்டைத்தான் ஃபாலோ பண்றா சம்பந்தியம்மா" என்றேன். எல்லாரும் சிரித்தோம். அபிராமி சிரிக்கவில்லை.

அந்தப் பதினொன்று இருபதுக்குப் பிறகு அவள் ஹாலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பா, நான் எதையும் மாத்தலையே. ஏன் இறங்குது?"

"சாப்பிட்டியா?"

"மூணு இட்லி சாப்பிட்டேன். நீங்கதானே எண்ணிட்டு இருந்தீங்க."

"அப்புறம் என்னம்மா? உடம்பு செட் ஆயிடுச்சு."

"ஒம்பது வயசுல இருந்து செட் ஆகாத உடம்பு இந்த வாரம் செட் ஆகுதா? இது என் உடம்பு, உங்க லேப் மெஷின் இல்லப்பா."

எனக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டேன். பதில் சரியாக வந்துவிட்டது. அதனால் என் அளவில் விஷயம் முடிந்துவிட்டது. அவள் அளவில் முடியவில்லை. ஆழ்வார்பேட்டையில் அவள் பார்த்துக்கொண்டிருந்த மகப்பேறு மருத்துவமனைக்குப் போன் செய்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். பிரசவப் பிரிவில் ஒரு சிஸ்டர் எடுத்தார். குரலை வைத்துப் பார்த்தால் அபிராமியைவிடச் சின்னவர்.

அபிராமி மூன்று நாள் கணக்கையும் சொன்னாள். நான் இடையில் புகுந்து, "குறைஞ்சது நல்லதுதானே சிஸ்டர்?" என்றேன்.

"நீங்க குறைச்சீங்களா சார், அதுவா குறைஞ்சுதா?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானேம்மா. நான் முப்பத்திரண்டு வருஷம் சுகர் லேப்ல இருந்தவன்."

"சரி சார். அப்ப நம்பர் உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். எனக்கு உள்ள இருக்கிற பாப்பாவப் பத்தித் தெரியணும். அக்கா, நீங்க சொல்லுங்க. அசைவு எப்படி இருக்கு?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து கம்மி சிஸ்டர். அசையுது. ஆனா உதைக்கல. புரண்டு படுக்கிற மாதிரி இருக்கு, அவ்ளோதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "சொன்னேனேப்பா. காலைல காபி குடிக்கும்போது. தூங்குது விடும்மான்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தாள். நான் போனில் எண்ணைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லியிருந்தேன்.

"அக்கா, குளிச்சிட்டு, சாப்பிட்டு, நல்ல நேரம் பாத்துன்னு எதுவும் வேணாம். இப்பவே கிளம்பி வாங்க. ஃபைலும் குளுக்கோஸும் கையில இருக்கட்டும். நான் வாசல்ல வீல்சேர் போட்டு வைக்கிறேன்."

தெருமுனையில் நின்ற ஆட்டோவைப் பிடித்தோம். துரைசாமி சப்வேயைத் தாண்டுவதற்குள் என் போனும் அவள் போனும் ஒன்றாக அலறின. ஐம்பத்துநான்கு. சுதா அழ ஆரம்பித்தாள். அபிராமி பையிலிருந்து குளுக்கோஸை எடுத்து வாயில் கொட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்து, மணி பார்த்துக்கொண்டாள். நெற்றியில் வியர்வை, கை நடுக்கம். அந்த நிலையிலும் அவள்தான் அம்மாவைத் தேற்றினாள். "பதினஞ்சு நிமிஷத்துல ஏறிடும்மா. இது எனக்குப் பழக்கம். நீ அழுதா எனக்கு நிமிஷக் கணக்கு விட்டுப்போகுது."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சா?"

"இல்லப்பா. சுகர் இறங்கிடுச்சு."

"எறங்குனா நல்லதுதானே நைனா? எங்க வூட்ல அது ஏறிக்கினேதான் போவுது."

உலகம் முழுக்க என்னைப் போலவேதான் பேசிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஆட்டோக்காரர் மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டை அடைத்திருந்த இடத்துக்குப் போகாமல், நான் இத்தனை வருடத்தில் நுழையாத சந்துகளாகப் புகுந்து, ஒரு பள்ளத்திலும் வண்டியைத் தூக்கிப்போடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு ஆழ்வார்பேட்டையில் இறங்கினோம். வாசலில் வீல்சேர் இருந்தது. அதன் பின்னால் அந்த சிஸ்டர் நின்றிருந்தார். ஒல்லியான பெண், இருபத்தாறு வயதுக்கு மேல் சொல்ல முடியாது.

வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைக் காகிதத்தில் ஓட விட்டார்கள். பிரசவப் பிரிவில் என்னை விட மாட்டார்கள் என்று நினைத்தேன். கூட ஒருவர் இருக்கலாம் என்றதும், அழுதுகொண்டிருந்த சுதாவை வெளியே உட்கார வைத்துவிட்டு அபிராமி என்னைக் கூப்பிட்டாள். இருபது நிமிடம் ஓடியது. பணியில் இருந்த இளம் டாக்டர் வந்து காகிதத்தைப் பார்த்தார்.

"இப்போதைக்கு ஓகேதான் தெரியுது. சுகரும் தொண்ணூத்திரெண்டுக்கு வந்துடுச்சு. வேணும்னா வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுத்துட்டு, நாளைக்குக் காலைல ஒரு தடவ வந்து பாத்துக்கலாம்."

தொண்ணூற்றிரண்டு என்ற எண் காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. எழுந்து பையைத் தோளில் மாட்டிவிட்டேன். தயவுசெய்து இதை மறக்காதீர்கள். முப்பத்திரண்டு வருட அனுபவம் உள்ளவன், பெற்ற அப்பன், அந்த நிமிடம் கையெழுத்துப் போட்டு அவளை வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பேன்.

"நான் எங்கயும் வரலப்பா" என்றாள் அபிராமி. கட்டிலை விட்டு அசையவில்லை.

சிஸ்டரும் பெல்ட்டைக் கழற்றவில்லை. "சார், பையக் கீழ வைங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் திரும்பினார். குரலை ஏற்றவில்லை. அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "டாக்டர், மூணு நாள்ல இருபது யூனிட்டுக்கு மேல தானா இறங்கியிருக்கு. அசைவும் கம்மின்னு சொல்றாங்க. ட்ரேஸ் இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமே. பெரிய மேடத்துக்கு நான் ஒரு போன் பண்ணிக்கறேன். திட்டு விழுந்தா எனக்கு விழட்டும்."

டாக்டர் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "திட்டு விழுந்தா ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம். பண்ணுங்க" என்றார். அவர்மேல் எனக்கு இன்றுவரை மனக்குறை கிடையாது. ஒரு நர்ஸ் சொன்னதைக் கேட்டுத் தன் முடிவை மாற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்திருந்தது. எதிரே நோயாளியின் அப்பா நிற்கும்போது அது சுலபமில்லை. அந்தப் பெண்ணும் அவரைத் தலைகுனிய வைக்காமல் சொன்னார். நம் லேபிலும் ரிசல்ட் இடிக்கிறது என்று தெரிந்தும் டாக்டர் கோபப்படுவாரோ என்று வாயை மூடிக்கொண்ட நாட்கள் எனக்கு உண்டு. உங்களுக்கும் வரும். வரும்போது அந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பதினைந்தாவது நிமிடத்தில் காகிதத்தில் ஓடிய கோடு சரிந்தது. நூற்று நாற்பதில் இருந்த துடிப்பு தொண்ணூறுக்கு இறங்கி, மெதுவாக ஏறியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கியது. நான் என் வாழ்க்கையில் எத்தனையோ எண்கள் இறங்கிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஓர் இறக்கத்தைப் பார்த்ததில்லை.

பெரிய டாக்டர் இரண்டு மணிக்கு வந்தார். ஐம்பது தாண்டிய பெண்மணி. ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, அபிராமியின் கட்டிலில் உட்கார்ந்தே சொன்னார். "இன்னிக்கே எடுத்துடலாம்மா. உள்ள இருக்கிறதைவிட வெளிய இருந்தா குழந்தைக்கு நல்லது. காத்திருக்க வேணாம்."

பிறகு எனக்கு விளக்கினார். நஞ்சு என்று வீட்டில் சொல்கிறோமே, பிளசென்டா, அதுதான் குழந்தைக்குச் சாப்பாடும் மூச்சும் கொடுக்கிறது. அதிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள்தான் அம்மாவின் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. அதனால்தான் மாதம் ஏற ஏற டோஸும் ஏறுகிறது. நஞ்சு தளரத் தொடங்கினால் அந்தத் தடையும் தளரும். யாரும் எதுவும் செய்யாமலே சுகர் இறங்கும். கடைசி வாரங்களில் கொஞ்சம் குறைவது பலருக்கும் உண்டு, எல்லாருக்கும் அது ஆபத்தில்லை. ஆனால் இவ்வளவு வேகமாக இறங்கினால், அதுவும் அசைவும் குறைந்தால், உடனே பார்த்தாக வேண்டும் என்றார்.

மூன்று நாளாக நாங்கள் பெயர் வாங்கப் போட்டி போட்டது எதற்கு என்று அப்போது புரிந்தது. என் பேரக் குழந்தை உள்ளே பட்டினி கிடக்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் வெளியே கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

ஆபரேஷனுக்குத் தயார் செய்யும்போது அபிராமி செய்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டு, ஃபைலின் முதல் பக்கத்தில் தான் முன்பே ஒட்டிவைத்திருந்த மஞ்சள் சீட்டைக் காட்டினாள். "டாக்டர், நஞ்சு வெளிய வந்ததும் எனக்கு இன்சுலின் பாதிக்கும் கீழ போயிடும். வார்டுல யாராவது பழைய டோஸைப் பாத்துப் போட்டுடக்கூடாது. புது டோஸ் என் சுகர் டாக்டர் எழுதிக் கொடுத்தது, இதுல இருக்கு." அந்த டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, "நீங்களே வந்து எனக்கு அசிஸ்ட் பண்ணலாம் போல இருக்கே" என்றார். "வேற நாளா இருந்தா வந்திருப்பேன்" என்றாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது என் விரலைப் பிடித்து, "குழந்தை அழுதுச்சான்னு எனக்கு உடனே சொல்லச் சொல்லுங்கப்பா" என்றாள். அந்த நிமிடம் மட்டும் அவள் குரல் ஒன்பது வயதுக் குரலாக இருந்தது.

ஜெகன் தொழிற்சாலைச் சீருடையோடு மூன்றேகாலுக்கு ஓடி வந்தார். நான்கு மணி தாண்டி ஐந்து நிமிடம் ஆனபோது, மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். பெண் குழந்தை. இரண்டு கிலோ இருநூறு. எங்களுக்கு ஒரு கணம் காட்டிவிட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு வேகமாக இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் பிறந்த குழந்தைக்குச் சுகர் இறங்கலாம் என்பது புத்தகத்தில் படித்ததுதான். இதற்கும் இறங்கியது.

அன்று மாலையும் மறுநாளும் அந்தப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியேதான் நின்றேன். குழந்தையின் கையில் டிரிப். குறித்த நேரத்துக்கு ஒருமுறை மருத்துவமனை லேபிலிருந்து ஒரு பெண் வந்து, குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுப்பார். நம் தொழில்காரர். முதல்முறை வெளியே வந்தபோது வழிமறித்து, "எவ்வளவும்மா?" என்றேன்.

"முப்பத்தெட்டு சார். கம்மிதான். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், டிரிப்பைக் கூட்டறாங்க. அரை மணில மறுபடி பாக்க வருவேன்."

அவ்வளவுதான். பயப்படாதீங்க என்று சொல்லவில்லை, சந்தோஷமா இருங்க என்றும் சொல்லவில்லை. எண் என்ன, அது கம்மியா, யாரிடம் சொல்லியாயிற்று, அடுத்து எப்போது. அரை மணியில் சொன்னபடி வந்தார். நான் இருபது வருடம் நோயாளிகளுக்குக் கொடுத்த எல்லா ஆறுதலையும்விட அந்த நான்கு வாக்கியம் எனக்குத் தெம்பாக இருந்தது. உங்களுக்கு நான் ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டுமென்றால் அந்தப் பெண்ணைப் போலப் பேசுங்கள் என்பதுதான். எண் இறங்கியிருந்தால், யார் இறக்கியது என்று கேளுங்கள். மருந்தா, பட்டினியா, காய்ச்சலா? இல்லை, யாருமே இறக்காமல் தானாக இறங்குகிறதா? யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால் ரிசீவரை வைக்காதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள். எதிர்முனையில் இருப்பவர் "எனக்கு என்னமோ சரியாப் படல" என்றால், மெஷின் என்ன சொன்னாலும் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். என் மகள் சொன்னதை நான் நின்று கேட்கவில்லை. அவள் தன்னை நம்பியதாலும், ஊர் பேர் தெரியாத ஒரு சிஸ்டர் அவளை நம்பியதாலும் தப்பித்தேன்.

நடந்து நான்கு மாதம் ஆகிறது. சிஸ்டரைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். "அக்காதான சார் போன் பண்ணாங்க. நான் எடுத்தேன், அவ்ளோதான்" என்றார். வேறு கட்டிலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். போன் அலாரம் அடித்தால் இப்போதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். பரவாயில்லை, அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று. குழந்தை பிறந்து இரண்டு நாள் கழித்து, மதியம். டிரிப்பைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், காலையில் எடுத்துவிட்டோம் என்றார்கள். அதற்கு மேல் தகவல் இல்லை. அபிராமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் எடுத்த படத்தைத் தவிர அவள் இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை. தையல் வலிக்கிறதா என்று சுதா கேட்டதற்கும், ஏதாவது குடிக்கிறாயா என்று ஜெகன் கேட்டதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்று மணிக்குக் கதவு காலால் தள்ளித் திறக்கப்பட்டது. குழந்தைகள் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெரியம்மா, கையில் வெள்ளைத் துணிச் சுருளோடு உள்ளே வந்தார். பின்னால் ஒரு சிஸ்டர் ஃபைலோடு. சுருளுக்குள்ளிருந்து வந்த அழுகை அறையை நிறைத்தது. இரண்டு நாள் முன்பு கேட்ட பூனைக்குட்டிச் சத்தமாக அது இல்லை.

"யாரும்மா இங்க அபிராமி?" என்றார் அந்தப் பெரியம்மா. "இந்தா, புடி உன் பொண்ண. காலைல இருந்து இன்னா கத்து கத்திக்கினு கீது தெரியுமா? பசி தாங்கலயாம். எங்க யாராலயும் முடியல. நீயே இன்னான்னு கேளு."